கீழே விழுந்தவருக்கு இந்த முதலுதவிப் பெட்டி போதுமா?

இந்தப் பெட்டியைச் சிராய்ப்புக்காக மட்டும்தான் இங்கே எடைபோடப் போகிறேன். தீக்காயத்துக்கு ஒரு களிம்பு, சுளுக்குக்கு ஒரு கட்டுத்துணி, காய்ச்சல் பார்க்க ஒரு தெர்மாமீட்டர் என்று உள்ளே இன்னும் பல சாமான்கள் உண்டு, அவற்றைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். சைக்கிள் ஓட்டுகிறவர்களோடும் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளோடும் பொழுது போகிறவன் நான், உரிந்த முழங்கையும் தோல் போன முழங்காலும் எனக்கு வழக்கமான காட்சி. அதனால் எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம், விழுந்தவரை உட்கார வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால் முதலில் கைக்கு என்ன வருகிறது, அது அந்தக் காயத்துக்கு உதவுமா என்பதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருமியைக் கொல்வதற்கு மூன்று விதமான திரவம் வைத்திருக்கிறார்கள், கழுவுவதற்கு ஒன்றுமே வைக்கவில்லை, மூடுவதற்கு வைத்ததிலும் நல்லது குறைவு. சிராய்ப்பு விஷயத்தில் முக்கியத்துவம் இதற்கு நேர் தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் கழுவுவது, அடுத்து ஈரம் காயாமல் மூடுவது, அதற்கு அப்புறம்தான் கிருமிநாசினி.

கழுவுவதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். சிராய்ப்பு ஆழமில்லாத காயம், ஆனால் பரப்பு பெரிது, கூடவே தரையில் இருந்த மண்ணையும் பொடிக்கல்லையும் வாரிக்கொண்டு வரும் காயம். உள்ளே தங்கிவிட்ட அழுக்குதான் கிருமிகளுக்குப் புகலிடம். மேலே எவ்வளவு மருந்து ஊற்றினாலும் மணலுக்கு அடியில் இருப்பதை அது தொடாது. ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடம், அழுக்கு அதிகமென்றால் பத்து நிமிடம், பொறுமையாகக் காட்டுவதுதான் உண்மையான சிகிச்சை. குழாய்த் தண்ணீரா, காயத்தில் படலாமா என்று தயங்குகிறவர்கள் நிறைய. குடிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் தாராளமாகப் படலாம். பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில் இதைத் தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரில் கழுவிய காயங்களில் உப்புநீரில் கழுவியவற்றைவிடத் தொற்று கூடுதலாக வந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சோப்பு காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு நல்லது, காயத்துக்குள் தேய்க்க வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும்.

சரி, குழாய் பக்கத்தில் இல்லாத இடத்தில்தானே பெரும்பாலும் விழுகிறார்கள்? அதற்குத்தான் பெட்டி. 0.9 சதவீத உப்புநீர் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துக் கிடைக்கிறது, தலையைத் திருகிவிட்டு அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும். அதில் நாலைந்து வைத்திருந்தால் இந்தப் பெட்டியின் மதிப்பே வேறு. அந்த இடத்தில் ஸ்பிரிட் நனைத்த துடைப்பான்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவை முழுத்தோலைத் துடைக்க, ஊசி போடும் முன் பயன்படுத்த. உரிந்த சதையில் ஸ்பிரிட் பட்டால் துள்ள வைக்கும் எரிச்சல் ஒரு பக்கம், புதிதாக வளர வேண்டிய செல்களையும் அது சேர்த்துக் கொல்வது இன்னொரு பக்கம். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடையே ரொம்பப் பழையது, பிள்ளைகள் காயத்தை மறைத்துக்கொண்டு திரிவதற்கும் அந்த எரிச்சல் பயம் ஒரு காரணம். எரிச்சலுக்கும் குணமாவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. துடைப்பான்களை முள்வாங்கியைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அருமையாக உதவும்.

முள்வாங்கி என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உள்ளங்கை ஊன்றி விழுந்த கையை நல்ல வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் தோல் சுருண்டு ஓரமாக ஒதுங்கியிருக்கும், அந்தச் சுருளுக்கு அடியில்தான் பொடிக்கற்கள் வரிசையாக ஒளிந்திருக்கும். மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். தண்ணீரைச் சுருள் திறக்கும் பக்கமிருந்து உள்ளே பாய்ச்ச வேண்டும், அப்படியும் வராததை நுனி கூர்மையான முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இந்தப் பெட்டியில் இருப்பது பிளாஸ்டிக் முள்வாங்கி, இரண்டு நுனிகளும் சரியாகச் சேரவே இல்லை, கொஞ்சம் அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. இதனால் ஒரு மணலைக்கூட எடுக்க முடியாது. இதைச் சின்னக் குறை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தோலின் இரண்டாம் அடுக்கில் தங்கிவிடும் தார்த் துகளும் கரிய மண்ணும், தோல் மூடிய பிறகு பச்சை குத்தியதுபோல நீலக் கறுப்பாக நிரந்தரமாக நின்றுவிடும். முகத்தில் அப்படி நின்றுவிட்டால் அப்புறம் லேசர் சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். முதல் நாளிலேயே எடுத்துவிடுவது எவ்வளவோ சுலபம். எடுக்கவே முடியாமல் நிறைய பதிந்திருந்தால் வீட்டில் குடைந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள், மரக்க ஊசி போட்டு வலியில்லாமல் தேய்த்து எடுப்பார்கள்.

கையுறை ஒரு ஜோடி இருக்கிறது, நைட்ரைல் வகை, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பிரச்சினை இல்லை. நல்ல தேர்வு. ஆனால் ஒரு ஜோடி போதாது, இன்னும் இரண்டு சேர்த்து வையுங்கள்.

அடுத்து மூன்று திரவங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, 3 சதவீதம். ஊற்றியதும் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வருமே அதுதான். நுரை வந்தால் கிருமி சாகிறது என்று பலரும் நம்புகிறார்கள். நம் ரத்தத்திலும் செல்களிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது, அந்த ஆக்சிஜன் குமிழிதான் நுரை. கிருமியே இல்லாத சுத்தமான காயத்தில் ஊற்றினாலும் நுரைக்கும். கிருமியோடு சேர்த்து நம் செல்களையும் தாக்குவதால் சிராய்ப்புக்கு இதை இப்போது பரிந்துரைப்பதில்லை. சட்டையில் பட்ட ரத்தக் கறையை எடுக்க நன்றாக உதவும் (சாயம் போகுமா என்று ஓரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்). காயத்துக்கு வேண்டாம்.

இரண்டாவது, குளோரோசைலினால் அடங்கிய கிருமிநாசினி, தண்ணீரில் கலந்ததும் பால்போல வெளுக்கும் வகை. கலக்காமல் நேராக ஊற்றினால் தோல் வெந்துவிடும், அளவு பார்த்துக் கலக்க வேண்டும். பாட்டிலில் அளவு அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் எழுத்து எறும்பு அளவு. ரத்தம் சொட்டும் முழங்காலோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அளவு படிக்கப் போவதில்லை. இதையும் நீக்கிவிடலாம்.

மூன்றாவது போவிடோன் அயோடின், 10 சதவீதக் கரைசல். மூன்றில் இது ஒன்றுதான் பெட்டியில் இருக்கத் தகுதியானது. 1955-இல் உருவானது, பழைய டிஞ்சர் அயோடின் அளவுக்கு எரியாது, பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் எல்லாவற்றிலும் வேலை செய்யும், கிருமிகள் இதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்வதும் அரிது. ஆனால் முறை தெரிந்து போட வேண்டும். மண்ணும் ரத்தமும் இருக்கும்போதே ஊற்றினால் அயோடின் அதிலேயே செலவாகிவிடும், அதனால் கழுவிய பிறகுதான். போட்டதும் துடைத்துவிடக் கூடாது, ஒரு இரண்டு நிமிடம் இருக்க விட வேண்டும். அழுக்கான இடத்தில் விழுந்தால் முதல் நாள் ஒரு முறை போடலாம், அதற்கு மேல் தினமும் காலை மாலை பூசிப் பூசிக் காயத்தைப் பழுப்பாக்கிக் காய வைக்க வேண்டியதில்லை. தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், கைக்குழந்தைகள், இவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், அயோடின் தோல் வழியாக உடம்புக்குள் போகும். பெட்டியோடு வந்த துண்டுத்தாளில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை, இருந்திருக்க வேண்டும்.

ஆயின்மென்டுக்கு வருவோம். நியோமைசின் கலந்த ஆன்டிபயாடிக் களிம்பு ஒரு டியூப் இருக்கிறது. நியோமைசின் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது, அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2010-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. இதில் உள்ள தொல்லை என்னவென்றால், ஒவ்வாமை வந்தாலும் காயத்தைச் சுற்றிச் சிவக்கும், தொற்று வந்தாலும் சிவக்கும், பார்க்கிறவர் தொற்று என்று நினைத்து அதே களிம்பை இன்னும் கொஞ்சம் அப்புவார், அது இன்னும் சிவக்கும். அரிப்பு அதிகமாகவும் வலி குறைவாகவும் இருந்தால் முதலில் களிம்பைச் சந்தேகப்படுங்கள். 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. சிறு அறுவை சிகிச்சை முடிந்த 900-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பும் மறு பாதிக்கு வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று விகிதத்தில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை, ஜெல்லி பூசியவர்களில் ஒருவருக்கும் தொடு ஒவ்வாமை வரவில்லை. அது சுத்தமான அறுவைக் காயம், ரோட்டில் உரசிய காயம் அல்ல, அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் நன்றாகக் கழுவிய சாதாரணச் சிராய்ப்புக்கு ஜெல்லியே போதும் என்றுதான் தோல் மருத்துவர்கள் பலரும் சொல்கிறார்கள். ஒன்று கவனியுங்கள், வீட்டில் எல்லாரும் விரல் விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம், பிதுக்கி எடுக்கும் டியூப் வாங்குங்கள்.

இனி மூடும் சாமான்கள், எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இதுதான். காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும், பொருக்குத் தட்டினால் நல்லது என்பதைப் பெட்டியின் துண்டுத்தாளும் அப்படியே எழுதியிருக்கிறது, 'இரவில் கட்டைப் பிரித்து உலர விடவும்' என்று. இது தவறான ஆலோசனை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்தவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. அடுத்த வருடமே மனிதர்களிடமும் இதே போன்ற பலன் தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளச் சுலபம்: புதுச் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வந்துதான் மூடுகின்றன, ஈரமான தரையில் நேராக ஊர்ந்துவிடும், மேலே காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரைக்கும் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. முழங்காலில் தட்டிய பொருக்கு ஒவ்வொரு முறை மடக்கும்போதும் வெடித்து மறுபடி ரத்தம் வருவதை எல்லோரும் பார்த்திருப்போம், அது ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்துவிடும் புது வாசல்.

அப்படியானால் எதால் மூடுவது? பெட்டியில் ஒரு கட்டு பஞ்சு இருக்கிறது, தயவுசெய்து அதைக் காயத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். இழை இழையாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது நேற்று வளர்ந்த தோலும் கூடவே வரும். காஸ் துணி வெறுமனே வைத்தாலும் அதே கதைதான், அடியில் ஜெல்லி தாராளமாகத் தடவினால் ஒட்டாது. ஒட்டிவிட்டதென்றால் இழுக்காமல் தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுங்கள். ஒட்டாத வகைப் பட்டைகள், வழவழப்பான படலம் பூசியவை, தனியாகவே கிடைக்கின்றன, இந்தப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. சின்னப் பிளாஸ்திரிகள் ஏராளம். 1920-இல் ஏர்ல் டிக்ஸன் தன் மனைவி சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்கிறாரே என்று செய்து பார்த்த பொருள் இது, விரல் வெட்டுக்கு இன்றைக்கும் இதை மிஞ்ச ஒன்று இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த முழங்காலுக்கு என்ன செய்வது? ஐந்தாறு பிளாஸ்திரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பசை காயத்தின் மேலேயே விழும், பிரிக்கும்போது உயிர் போகும்.

பெட்டியிலேயே மிக நல்ல பொருள் ஒரு ஓரத்தில் இரண்டே இரண்டு கிடந்தது: ஹைட்ரோகொலாய்டு பட்டை. தோல் நிறத்தில், ரப்பர்போல வளையும். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஜெலட்டின், பெக்டின் போன்றவை அதன் உள்பக்கத்தில் இருக்கும், காயத்தில் ஊறும் நீரை உறிஞ்சி ஜெல்லாக மாறும், வெளியிலிருந்து தண்ணீரும் அழுக்கும் உள்ளே போகாது, குளிக்கலாம். ஒட்டிய கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிடும், தோலில்லாத இடத்தில் நரம்பு நுனிகள் காற்றில் படாமல் போவதுதான் காரணம். ஒட்டும் முறை முக்கியம். ரத்தம் நின்றிருக்க வேண்டும், சுற்றியுள்ள தோல் துளி ஈரமோ எண்ணெயோ ஜெல்லியோ இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், காயத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் ஓரம் வேண்டும், முழங்கால் என்றால் பாதி மடக்கி வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு உள்ளங்கையை மேலே வைத்து ஒரு நிமிடம் சூடேற்றினால்தான் பசை பிடிக்கும்.

அடுத்த நாள் அதைப் பார்க்கிறவர்கள் மிரண்டுவிடுகிறார்கள், நடுவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உப்பிக்கொண்டு நிற்கும், பிரித்தால் கொழகொழவென்று ஒரு வாடையோடு வரும். சீழ் என்று பயந்து அன்றைக்கே பிய்த்துப் போட்டுவிட்டு அயோடினை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பட்டை கரைந்த ஜெல், தண்ணீரில் அலம்பினால் அடியில் இளஞ்சிவப்பாகப் பளபளவென்று நல்ல சதை தெரியும். சீழ் என்றால் வலி கூடிக்கொண்டே போகும், பட்டையின் எல்லைக்கு வெளியே தோல் சிவந்து சூடாக இருக்கும். இந்த வித்தியாசத்தைத் துண்டுத்தாளில் இரண்டு வரி எழுதியிருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக இருப்பார்கள்! ஓரம் கசியாமல் இருந்தால் மூன்று நாளிலிருந்து ஏழு நாள் வரை விடலாம். எடுக்கும்போது மேலே தூக்கி இழுக்காமல், ஓரத்தைப் பிடித்துத் தோலோடு தோலாகப் பக்கவாட்டில் நீட்டினால் வலிக்காமல் கழன்றுவிடும். ஏற்கெனவே தொற்று பிடித்த காயத்திலும், நாய் பூனை கடித்த காயத்திலும், முழுதாகச் சுத்தம் செய்ய முடியாத காயத்திலும் இதை ஒட்டவே கூடாது.

டேப், கத்தரிக்கோல் இரண்டும் பரவாயில்லை. கத்தரிக்கோல் நுனி மழுங்கியது, கட்டு வெட்டும்போது தோலில் குத்தாது.

டெட்டனஸ் பற்றித் துண்டுத்தாளில் இருப்பது, 'துருப்பிடித்த இரும்பு குத்தினால் ஊசி போடவும்' என்ற ஒரே வரி. துரு இங்கே விஷயமே இல்லை, டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் இருப்பவை, மண் பட்ட சிராய்ப்பும் கணக்கில் சேரும். பொதுவாகப் பின்பற்றும் விதி இது: தடுப்பூசி முறையாகப் போட்டவர்களுக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி ஒன்று, மண்ணும் அழுக்கும் பட்ட காயம் என்றால் ஐந்து வருடம் ஆகியிருந்தாலே ஒன்று. எப்போது போட்டோம் என்று ஞாபகமே இல்லாதவர்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தால் அந்த நேரத்தில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தொற்றின் அடையாளங்களைத் தாளில் அறவே காணோம், அதனால் நானே எழுதுகிறேன். முதல் ஒன்றிரண்டு நாள் விளிம்பில் லேசான சிவப்பும் வலியும் இருப்பது சகஜம், நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், வீங்கினால், சீழ் வந்தால் மருத்துவரிடம் போங்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் சுற்றி வரைந்து வைத்தால் பரவுகிறதா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, அங்கே சூட்டையும் வீக்கத்தையும் தொட்டுப் பார்த்து நம்புங்கள். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் காலில் வரும் சின்னச் சிராய்ப்பைக்கூட ஆரம்பத்திலேயே காட்டிவிடுவது நல்லது. பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம், வாய் பிளந்து கொழுப்பு தெரியும் காயம், இவை பெட்டிக்கு அப்பாற்பட்டவை. விழுந்தவர் தலையை இடித்துக்கொண்டாரா என்று முழங்காலைத் தொடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கலாமா என்றால், பெட்டியின் உடல் உறுதி, மூடி இறுக்கமாக மூடுகிறது, அறைகள் நன்றாகப் பிரித்திருக்கிறார்கள், அதற்காக வாங்கலாம், ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வாங்கியவுடன் பெராக்சைடு, குளோரோசைலினால், நியோமைசின் களிம்பு, பிளாஸ்டிக் முள்வாங்கி நாலையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உப்புநீர்க் குப்பிகள், கூர் நுனி எஃகு முள்வாங்கி, பெட்ரோலியம் ஜெல்லி டியூப், ஒட்டாத பட்டைகள், பெரிய அளவு ஹைட்ரோகொலாய்டு ஒரு ஐந்தாறு போடுங்கள். உப்புநீர்க் குப்பியைத் திறந்தால் அன்றைக்கே மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், அதனால் பெரிய பாட்டிலாக வாங்காமல் சின்னக் குப்பிகளாகவே வாங்குங்கள். பெட்டியைக் காருக்குள் வெயிலில் விட்டால் பட்டைகளின் பசை இளகிக் கெட்டுவிடும், வெயில் படாத பையில் வையுங்கள்.